கப்பலுக்கு எழுதிய விலாசம்

சித்தப்பா கடற்படையில் இருந்த வருஷங்களில் நாங்கள் எழுதிய கடிதமெல்லாம் பம்பாய்க்குத்தான் போயின. அவரோ பம்பாயில் இருந்தது குறைவு. பெயர், நம்பர், கப்பலின் பெயர், அதற்குக் கீழே 'ஃப்ளீட் மெயில் ஆபீஸ், பம்பாய்'. அவ்வளவுதான் விலாசம். கப்பல் கொச்சியில் நிற்கிறதா, அந்தமான் பக்கம் போயிருக்கிறதா என்பது அந்த ஆபீஸுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அவரிடமிருந்து வரும் இன்லேண்டை அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. "எந்த ஊர்லேருந்துடா போட்டிருக்கான்?" என்று அவள் கேட்டால் நான் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எஃப்.பி.ஓ. என்று மூன்று எழுத்து, ஒரு எண், ஒரு தேதி. ஊர் இருக்காது.

கடற்படைத் தபால் சேர்க்கும் பழக்கம் அந்தக் கடிதங்களிலிருந்து வந்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் அது ஒரு தபால்தலையில் தொடங்கியது. 1968 கடற்படை தினத்துக்கு வெளியான 20 காசுத் தலை. அதில் நீலகிரி போர்க்கப்பல். அந்த அக்டோபரில்தான் மசகான் கட்டுந்துறையில் அதை நீரில் இறக்கியிருந்தார்கள். அது படையில் சேர இன்னும் நாலு வருஷம் இருந்தது. அப்போது கடற்படை தினம் டிசம்பர் 15. கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய 1971 போருக்குப் பிறகுதான் அது டிசம்பர் 4 ஆனது.

1971 என்றதும் நினைவு வேறு பக்கம் ஓடுகிறது. விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி, பாகிஸ்தானின் நீர்மூழ்கி காஸி வங்காள விரிகுடாவுக்குள் வந்திருந்தது. விக்ராந்த் அந்தமானில் மறைந்து நின்றது. அது விசாகப்பட்டினம் பக்கம் இருப்பதாகக் காஸியை நம்பவைக்க வேண்டும். கிழக்குக் கட்டளையின் தலைவர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், ராஜ்புத் என்ற பழைய கப்பலை விக்ராந்தைப் போல நடிக்கவிட்டார். ராஜ்புத்திலிருந்து மறைகுறியில்லாத ஒரு செய்தியும் போயிற்று. விக்ராந்தின் மாலுமி ஒருவன், சீக்காய்க் கிடக்கும் தன் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கும் சொந்தத் தந்தி அது. அந்த மாலுமியும் இல்லை, அம்மாவும் இல்லை. எதிரி ஒட்டுக் கேட்பதற்கென்றே எழுதிய நலம் விசாரிப்பு. கடலில் இருப்பவன் ரகசியம் காக்க மறந்தாலும் அம்மாவை மறக்க மாட்டான் என்பதை எதிரியும் ஒத்துக்கொள்வான் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். டிசம்பர் 3-4 இரவில் காஸி விசாகப்பட்டினம் கரையருகே மூழ்கியது.

அந்த மாதம் அப்பத்தா ஊரைக் கேட்கவில்லை. "தேதி என்ன போட்டிருக்கு?" என்றுதான் கேட்டாள். அந்தத் தேதி வரைக்கும் மகன் இருந்திருக்கிறான். அதற்குப் பிறகான நாட்களை அவளே விரல்விட்டு எண்ணிக்கொண்டாள்.

எல்லா நாட்டுக் கடற்படைத் தபாலிலும் இந்த ஒளிவுமறைவு உண்டு. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கப்பல்களிலிருந்து வந்த பல கடிதங்களில் 'மாரிடைம் மெயில்' என்ற முத்திரைதான் இருக்கும். திருகோணமலையில் நின்ற கப்பலா, அட்லாண்டிக்கில் போன கப்பலா, உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அமெரிக்கர்களும் போர் வந்ததும் முத்திரையிலிருந்து கப்பலின் பெயரை எடுத்துவிட்டார்கள்.

அதற்கு முன் அவர்கள் மறைத்தவர்கள் இல்லை. 1908-லிருந்தே அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்குள் தபால் நிலையம் உண்டு. முத்திரையின் வட்டத்தில் கப்பலின் பெயர் இருக்கும். பக்கத்துக் கோடுகளுக்கு நடுவே எழுத்துக் கோத்து ஊரையோ விசேஷத்தையோ அச்சடித்துக்கொள்ளலாம். 1930-களில் இது பெரிய பைத்தியமாயிற்று. 1932-ல் சேகரிப்பாளர்கள் தனிச் சங்கமே வைத்தார்கள். தங்கள் விலாசம் எழுதிய காலி உறையைக் கப்பலுக்கு அனுப்புவார்கள். கப்பலின் தபால் எழுத்தர் முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார். கப்பல் வெள்ளோட்டம், கடற்படை தினம், அதிபரின் பிறந்தநாள் என்று எதற்கும் ஓர் உறை.

இந்தக் காலி உறைகள் எனக்கு நெடுநாள் ருசிக்கவில்லை. நம் ராணுவத் தபால் துறை வெளியிடும் சிறப்பு உறைகளும் அப்படித்தான்: இடப்பக்கம் வண்ணத்தில் கப்பல், அதன் சின்னம், வலப்பக்கம் 56 ஏ.பி.ஓ. முத்திரை. யாரும் யாருக்கும் எதுவும் எழுதவில்லை. தேர்த்திருவிழாவில் எடுத்த போட்டோ மாதிரி, எல்லாரும் நேராக நிற்கிறார்கள்.

பிறகு ஒரு கண்காட்சியில் 'அரிசோனா' கப்பலின் முத்திரை விழுந்த உறைகளைப் பார்த்தேன். யாரோ கேட்டதற்காகக் குத்தித் தந்த காலி உறைகள். 1941 டிசம்பர் 7-ல் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்து அந்தக் கப்பலில் 1,177 பேர் செத்தார்கள். அதற்குச் சில வருஷம் முன்னால் அதே தளத்தில் ஒருவர், முகம் தெரியாத பொழுதுபோக்குக்காரனுக்காக மையைத் தொட்டு, சாயாமல், தபால்தலை கெடாமல் முத்திரை வைத்திருக்கிறார். கடிதம் இல்லாவிட்டால் என்ன, கை அங்கே இருந்திருக்கிறது.

அதனால் இப்போது பழைய தாள் கடைக்காரர், "உள்ளே ஒண்ணுமில்ல சார், வெறும் கவர்தான்" என்று இரக்கப்பட்டு விலையைக் குறைத்தால் நான் விளக்கம் சொல்லப் போவதில்லை. குறைத்த விலைக்கே வாங்கிக்கொள்கிறேன்.