வாத்தியார் வந்த நேரம்

சென்ற தை மாதத்து முதல் வாரத்தில் நம் தந்தையாரின் திதி வந்தது. அலுவலகத்தில் அன்றைக்கு அரை நாள் விடுப்பு மட்டுமே கிடைத்தது. ஆகவே காலை பதினொரு மணிக்கே காரியத்தைத் தொடங்கிவிட வேண்டுமென்று பத்து நாள் முன்னதாகவே வாத்தியாரிடம் சொல்லி வைத்தோம். அவரும் சரியென்றார். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. அடுப்பில் ஏற்றிய பாத்திரங்கள் ஆறத் தொடங்கின. நம் இல்லாள் மடியோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டு நம் முகத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தொலைபேசியில் அழைத்தோம். ரயிலின் இரைச்சலுக்கு நடுவே, "வந்துண்டே இருக்கேன்" என்று ஒரு குரல் கேட்டது. நமக்குப் பொறுமை போயிற்று. "நம்மைவிடப் பெரிய வீடு கிடைத்துவிட்டதா, மாமா?" என்று கேட்டுவிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வந்து சேர்ந்தபோது மணி இரண்டேகால். எழுபது வயதைக் கடந்தவர். இரண்டு கால்களிலும் வீக்கம் தெரிந்தது. விடியற்காலையில் நொய்டாவில் ஒரு கிரகப்பிரவேசமாம். உதவிக்கு வரவேண்டியவருக்கு ஜுரம் வந்துவிட, ஒருவராகவே ஹோமங்களை நடத்தி முடித்துவிட்டு மெட்ரோ ஏறியிருக்கிறார். நாம் துவாரகையில் குடியிருக்கிறோம். நீல வழித்தடத்தின் ஒரு முனை நொய்டா, மறுமுனை துவாரகை. இடையில் ஒன்றரை மணி நேரம். உட்கார இடம் கிடைத்தாரோ, நின்றுகொண்டே வந்தாரோ, அதை நாம் கேட்கவில்லை. கையையும் காலையும் கழுவிக்கொண்டு அமர்ந்தார். போஜனத்துக்கு இரண்டு பேர் வரவேண்டியதற்கு ஒருவரே கிடைத்திருந்தார். மற்றொரு ஸ்தானத்தில் தர்ப்பைக் கூர்ச்சத்தை வைத்து, ஒரு மந்திரத்தையும் குறைக்காமல் நிதானமாகச் செய்து வைத்தார்.

எல்லாம் முடிந்தபின் மெல்லச் சொன்னார்: "நேரம் தப்பலை. ச்ராத்தத்துக்கு அபராஹ்ணம்தான் காலம். பதினொரு மணிங்கிறது நம்ம ஆபீஸ் சௌகரியத்துக்கு."

அவர் போனபிறகு, கணக்கு எழுதிப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. பகற்பொழுதை ஐந்து கூறாக்கினால் நான்காவது கூறு அபராஹ்ணம். தை முதல் வாரத்தில் டில்லியில் சூரியன் உதிப்பது சுமார் 7.15, மறைவது 5.50-க்குச் சற்று முன். ஒரு கூறுக்கு இரண்டு மணி ஏழு நிமிஷம். ஆக அபராஹ்ணம் ஏறக்குறைய 1.35 முதல் 3.40 வரை. பதினொரு மணிக்கு வந்திருந்தால்தான் அவர் காலந்தவறியவராக இருந்திருப்பார்! தொலைபேசியில் நாம் பேசிய பேச்சு அன்று இரவெல்லாம் தூங்கவிடவில்லை.

டில்லியில் வாத்தியார்கள் கிடைப்பதில்லை என்பது சங்கத்தில் எந்த நாலு பேர் கூடினாலும் எழும் பேச்சு. ஊரில் அக்கிரகாரம் ஒரே தெரு; வாத்தியார் நான்கு வீடு தள்ளி இருப்பார். புது டில்லி தலைநகராக 1931-ல் திறக்கப்பட்ட பின்னர் இங்கே குடியேறிய நம்மவர்கள் கரோல் பாக்கிலும் சர்க்கார் குடியிருப்புகளிலும் நெருங்கியே வாழ்ந்தார்கள். ஒருவர் சைக்கிளில் காலைக்குள் ஐந்தாறு வீடு முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மயூர் விஹாரிலும் ஜனக்புரியிலும் துவாரகையிலும் நொய்டாவிலும் குர்கானிலும் சிதறியிருக்கிறார்கள். வாத்தியாரின் நாளில் பாதி பிரயாணத்திலேயே போகிறது.

உள்ளூர்ப் பண்டிதரை அழைத்தாலென்ன என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களிடத்தில் நமக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் சுக்ல யஜுர் வேதத்தைச் சேர்ந்தவர்கள். நம் குடும்பங்களில் பல கிருஷ்ண யஜுர் வேதத்தையும் ஆபஸ்தம்ப சூத்திரத்தையும் சேர்ந்தவை. மந்திரமும் முறையும் மாறும். மாதக் கணக்குகூட வேறு: அவர்களுக்குப் பௌர்ணமியோடு மாதம் முடிகிறது, நமக்கோ சூரியன் ராசி மாறும்போது. கோயில் குருக்களை அழைக்கலாமே என்பார் சிலர். ராமகிருஷ்ணபுரத்து மலைக்கோயிலுக்கு 1965-ல் அடிக்கல் நாட்டி 1973-ல் கும்பாபிஷேகம் செய்தது நம் முன்னோர்களின் பெரிய காரியம். எனினும் ஆகமம் பயின்று சந்நிதியில் பூஜை செய்பவர் வேறு. வீட்டுக்கு வந்து சடங்கு நடத்துபவர் வேறு. வீட்டு வாத்தியார்களிலும் அபரக் காரியம், அதாவது மரணச் சடங்கு, செய்து வைப்பவர் மிகச் சிலரே. கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்னால் சொல்லிவைக்கலாம். நிகம்போத் கட்டத்துக்குப் போகவேண்டிய நாளை யார் முன்னால் சொல்வார்?

நம் அலுவலகத்தில் அடுத்த நாற்காலிக்காரர் மலையாளி. மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஹௌஸ் காஸில் உள்ள தேவாலயத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர். அவரிடம் நம் குறையைச் சொன்னோம். "எங்களுக்கும் இருந்த கஷ்டம்தான்" என்றார். கோட்டயத்தில் 1815-லேயே தொடங்கிய குருமடம் அவர்களுக்கு உண்டு. வெளியூர்களில் சபை பெருகியபின் அது ஒன்றே போதாமல் நாகபுரியில் இன்னொன்று வைத்திருக்கிறார்கள். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் நாகபுரியை எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். ஆரஞ்சுப் பழம் வாங்கியதன்றி வேறொன்றும் நமக்குத் தெரியாது! அமெரிக்காவில் குடியேறிய கிரேக்கர்களும் ரஷ்யர்களும்கூடத் தாய்நாட்டுப் பாதிரியாரையே நம்பியிருக்க முடியாமல் 1937-லும் 1938-லும் அங்கேயே குருமடங்களைத் தொடங்கினார்கள் என்றும் அவர் சொன்னார். அவர்கள் சபையில் விவாகமானவரும் குருவாகலாம். மேற்றிராணியார் உத்தரவு போட்டால் குருவானவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு புதிய ஊருக்குப் போகவேண்டியதுதான். நமக்கு மாற்றல் உத்தரவு போட ஆளில்லை. ரயில்வேயில் லீவ் ரிசர்வ் என்று ஒரு கணக்கு உண்டு. ஒருவர் ஜுரத்தில் படுத்தால் அவர் இடத்தில் வேலை பார்க்க ஆள் வைத்திருப்பார்கள். நம் வாத்தியார் படுத்தால் அந்த மாதத்துத் திதிகள் எல்லாம் அவரோடு படுக்கும்.

"கட்டடம் கட்டினால் போதாது ஸார், படிக்கப் பிள்ளைகளைக் கொடுக்க வீடு வேண்டும்" என்று அந்த நண்பர் முடித்தார். அந்த வார்த்தைதான் நம்மைச் சுட்டது. திதியன்று நடந்த வேறொன்றை அது நினைவூட்டியது.

அன்று நம் எட்டு வயதுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து மந்திரங்களைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். வாத்தியார் கிளம்பும்போது அவன் தலையைத் தடவி, "வாக்கு சுத்தமா இருக்கு. பாடசாலைக்கு அனுப்பறேளா? ஏழெட்டு வருஷம் ஆகும், ஆனா நன்னா வருவான்" என்றார். நாம் சிரித்துக்கொண்டே, "பார்க்கலாம், மாமா" என்றோம். உள்ளேயிருந்து பாத்திரம் ஒன்று சற்றுப் பலமாக வைக்கப்படும் சத்தம் கேட்டது. அவருக்கும் புரிந்தது. "என் பிள்ளையையே நான் அனுப்பலை. பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். என் தங்கை பிள்ளை வேதம் படிச்சான்; முப்பத்துநாலு வயசாச்சு, பெண் கிடைக்கலை" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

பெண் கிடைக்கவில்லை என்ற சொல்லுக்கு நாம் தலை குனியக் காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் தங்கைக்குச் சென்னையிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பையன் பாடசாலையில் படித்தவன், வைதிகத் தொழில், கெட்ட பழக்கம் ஒன்றுமில்லை. வருமானமும் நம் சம்பளத்துக்குக் குறைந்ததல்ல. ஆனால் குடுமியும் பஞ்சகச்சமுமாக ஒரு மாப்பிள்ளையை அலுவலக நண்பர்களுக்கு எப்படி அறிமுகம் செய்வது என்று யோசித்து, பதில்கூட எழுதாமல் அலமாரியில் வைத்துவிட்டோம். ஜாதகம் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தாலாவது அது ஒரு பொய் என்ற அளவில் நின்றிருக்கும். வாத்தியார் கிடைக்கவில்லை என்று குறைப்படுகிற வீடுகளில் ஒன்று, வாத்தியார் வீட்டில் சம்பந்தம் செய்ய மனமில்லாத வீடாகவும் இருந்திருக்கிறது.

மாசியில் அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமாவாசைத் தர்ப்பணத்தையாவது நாமே செய்துகொள்ளக் கற்றுத் தரவேண்டுமென்று கேட்டபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து சொல்லிக்கொடுத்தார். நம் குடியிருப்பில் ஆறு பேர் சேர்ந்தோம். கோத்திரமும் பாட்டனார் பெயரும் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. முப்பாட்டனார் பெயருக்கு மூன்று பேர் ஊருக்குத் தொலைபேசி போடவேண்டியிருந்தது. இப்போது அமாவாசையன்று காலையில் அலுவலகத்துக்குப் புறப்படுமுன் அரை மணிக்குள் முடித்துவிடுகிறோம். அன்று அவருக்கு இந்தப் பக்கம் வரவேண்டிய வேலை இல்லை. ஆயினும் மாதாமாதம் கொடுத்துவந்த தட்சிணையை நிறுத்தவில்லை. அவருக்கு ஏது பென்ஷன்?

இதனால் அபரக் காரியத்துக்கு ஆள் கிடைத்துவிடாது. பையன் விஷயத்திலும் வீட்டில் இன்னும் முடிவில்லை. அவன் கணக்கில் கெட்டிக்காரன் என்று அவன் தாயார் சொல்கிறாள், அதுவும் உண்மைதான். தங்கைக்கு இன்னும் வரன் அமையவில்லை. அலமாரியிலிருந்த ஜாதகத்தை எடுத்து, இரண்டு வருஷம் தாமதமாகப் பதில் எழுதினோம். அந்தப் பிள்ளைக்கு இதற்குள் கல்யாணம் ஆகியிருந்தால் சந்தோஷமே என்றும் எழுதினோம். மறுமொழி வரவில்லை, நாம் செய்ததற்கு அது சரிதான்.

வரும் தைத் திதிக்காக இந்த வாரமே வாத்தியாரை அழைத்தோம். "பதினொரு மணிதானே?" என்று அவர்தாம் முதலில் கேட்டார். முழு நாள் விடுப்பு எழுதியிருக்கிறோம், இரண்டு மணிக்கு வந்தால் போதும் என்றோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

"அப்படின்னா கார்த்தால ஜனக்புரியில ஒரு ஆத்துக்குப் போயிட்டு, கொஞ்சம் காலை நீட்டி உட்கார்ந்துட்டு வரேன்" என்றார்.