இடக்காலுக்கு வராத பாரம்

கோல்ஃப் என்றதும் நம் கல்லூரித் தோழர்கள் புன்முறுவல் பூப்பர். "அது செல்வந்தர் ஆட்டமாயிற்றே, உனக்கெதற்கு?" என்பர். ஆடுவோர் செல்வந்தர்தாம், பை சுமப்போர்? என் தந்தை இருபத்தைந்தாண்டுகளாகக் கேடி. ஞாயிறுதோறும் நானும் சுமக்கிறேன். திங்கட்கிழமை காலையில் மட்டும் மைதானத்தில் நாங்கள் ஆட இசைவுண்டு.

அந்தக் காலை நேரத்தில் என்னை ஆட்டி வைப்பது டிரைவர் என்னும் நீண்ட மட்டை!

பந்தின் எடை 46 கிராமைத் தாண்டாது. மட்டை அதைத் தொட்டிருப்பது நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குமுன் கால்கள் செய்ய வேண்டிய வேலைதான் பெரிது. வலக்கையர் மட்டையைப் பின்னே உயர்த்தும்போது உடற்பாரம் வலக்காலுக்குச் செல்ல வேண்டும். மட்டை கீழிறங்கும் முன்பே அது இடக்காலை நோக்கிப் புறப்பட்டுவிட வேண்டும். முதலில் இடுப்பு, பின்பு மார்பு, அப்புறம் கைகள், கடைசியில் மட்டை, சாட்டையைச் சொடுக்குவதுபோல. பாரம் பின்னேயே தங்கினால் கை மட்டும் வீசும்; பந்து வலப்புறம் வளைந்து கற்பூரமரக் காட்டுக்குள் புகும். (தொலைந்த பந்தைத் தேடி எடுப்பதில் எனக்கு இணையில்லை, அது தந்தைவழிச் சொத்து!)

டிரைவருக்குப் பந்து சிறு முளைமேல், இடக்குதிகாலுக்கு நேரே இருக்கும். மேலேறும் வீச்சில் அடிக்க வேண்டும். எனவே பந்தைத் தூக்கிவிட உடல் பின்னே சாயத் துடிக்கிறது. தலை பின்னே நிற்கலாம், பாரம் நிற்கலாகாது. தூக்கும் வேலையை மட்டை முகத்தின் பத்துப் பாகைச் சாய்வே பார்த்துக்கொள்ளும். இதைத் தேர்வில் கேட்டால் படத்துடன் எழுதிவிடுவேன். என் வலக்கால்தான் இயற்பியல் படிக்க மறுக்கிறது.

காரணத்தைக் கண்டு சொன்னவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத என் தந்தை. "விறகுக்கட்டோட சரிவிலே இறங்கின கால்டா இது. முன்னாலே பாரம் போனா உருண்டுடுவோம்னு பின்னாலேயே ஊனிக்கிட்டு நிக்குது" என்றார். உண்மைதான். சிறுவயது முதல் எங்கள் நீலகிரிச் சரிவு கற்றுத்தந்த பாடத்தை, சமதளத்தில் நின்று மறக்க வேண்டியிருக்கிறது.

1913-இல் அமெரிக்க ஓப்பனை வென்ற ஃபிரான்சிஸ் வீமெட், கேடியாக இருந்தவர். அப்போது வயது இருபது. 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேரும் கேடியாக இருந்தவரே. இதைச் சொன்னபோது தந்தை, "சரிப்பா, நீ பி.எஸ்சி.யை முடி" என்றார். எங்கள் வீட்டில் அந்தப் பட்டமே முதற்பட்டம். இரண்டும் வேண்டும் என்பது என் ஆசை. அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

அவரது இடமுழங்கால் தேய்ந்து ஈராண்டாகிறது. பாரத்தை அந்தக் காலில் ஏற்றுவது எப்படியென்று அவரால் இப்போது சொல்லத்தான் முடியும். ஆயினும் திங்கள்தோறும் வந்து, என் வலக்குதிகால் தரையைவிட்டு எழுகிறதா என்று குனிந்து பார்க்கிறார்.

சென்ற திங்களன்று பதினோராவது பந்தில் குதிகால் தானாக எழுந்தது. பந்து நேராகப் போய்ப் புல்வெளியின் நடுவே விழுந்தது. தந்தை ஒன்றும் பேசவில்லை. என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னே நடந்தார். "கொடுங்கப்பா" என்று இருமுறை கேட்டேன். தரவில்லை.