பஃபலோவில் ஹோம்ஸ்

யங் வீதியில் இருக்கும் ரொறன்ரோ உசாத்துணை நூலகத்தின் ஐந்தாம் மாடியில் ஆதர் கொனன் டொயிலுக்கென்று ஓர் அறை உண்டு. குளிருக்கு ஒதுங்கத்தான் போனோம். 1917இல் வெளிவந்த 'ஹிஸ் லாஸ்ட் பௌ' கதையை அங்கே புரட்டியபோது ஓர் ஊர்ப்பெயர் எங்களை நிறுத்திவிட்டது.

ஜேர்மன் உளவாளி ஒருவனைப் பிடிக்க ஷேர்லொக் ஹோம்ஸ் ஐரிஷ் அமெரிக்கனாக வேடம் போடுகிறார். பிரித்தானியாவை வெறுப்பவர்போல் நடித்து ஐரிஷ் இரகசியச் சங்கமொன்றில் சேருகிறார். சேர்ந்த இடம் பஃபலோ.

1987இல் கனடா விதிகளை இறுக்கிய பின் எங்களில் பலர் எல்லை விசாரணைத் தேதிக்காகக் காத்துக்கிடந்த ஊர் அது. இரவில், விடுதியில், கதை சட்டென்று அடங்கும். யார் எந்த இயக்கம், யார் முகாமில் தலையாட்டியாக நின்றவன்? ஊர், பெயர் என்று அதிகம் விசாரித்த ஒரு பெடியனோடு நாங்கள் ஒருவரும் சாப்பிட உட்காரவில்லை. காணாமற்போன தமையனைத்தான் அவன் தேடினான் என்று பிறகு அறிந்தோம்.

ஹோம்ஸுக்கு ஐரிஷ்காரரின் மனக்குறை ஒரு மேலங்கி மட்டுமே. வேலை முடியக் கழற்றிவிடுகிறார். பேரரசு சரியா என்ற கேள்வி அவருக்கு எழுவதேயில்லை.

டொயிலுக்கு அது அவ்வளவு இலேசாக இருக்கவில்லை. ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தவர். ஆனாலும் அயர்லாந்துக்குச் சுயாட்சி கூடாதென்ற கட்சிக்காக 1900இலும் 1906இலும் தேர்தலில் நின்று தோற்றவர். 1911இல் மனம் மாறிச் சுயாட்சியை ஆதரித்தார். கொங்கோக் கொடுமைகளுக்கு எதிராக அவரோடு நின்ற நண்பர் ரொஜர் கேஸ்மென்ட், ஜேர்மனியின் ஆயுத உதவியை நாடி, 1916இல் அயர்லாந்தில் கரையிறங்கிப் பிடிபட்டார். அவர் செய்ததை டொயில் ஏற்கவில்லை. ஆனால் தூக்கிலிட வேண்டாமென்று மனு எழுதி, எழுத்தாளர்களிடம் கையெழுத்து வாங்கினார். கேஸ்மென்ட் ஓகஸ்ட் 3இல் தூக்கிலிடப்பட்டார்.

அடுத்த வருஷம் வந்ததுதான் இந்தக் கதை. போர்க்காலம், நாட்டுக்கு உற்சாகம் தேவை என்று நியாயம் சொல்லலாம். எங்களுக்கு அது போதவில்லை. வேடத்துக்கு வைத்த பெயர் ஆல்டமொன்ட். அது டொயிலின் தகப்பனாருடைய நடுப்பெயர். ஏன் அந்தப் பெயர்?

ஆல்டமொன்டைத் தங்களவன் என்று நம்பிய பஃபலோ ஐரிஷ்காரர், உண்மை தெரிந்த பின் அடுத்து வந்தவனை எப்படிப் பார்த்திருப்பார்கள்? கதையில் அவர்கள் வருவதேயில்லை. எங்கள் பெடியன் தேதி கிடைத்து எங்களுக்கு முன்பே பாலத்தைக் கடந்துவிட்டான். போகும்போது தன் போர்வையை மடித்து எங்கள் கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.