புதுப்பேட்டையில் ஒரு கிழ வண்டி

எழும்பூர் ரயிலடியில் இறங்கிக் கால் மணி நேரம் நடக்க உங்களுக்குத் தெம்பு உண்டா? அப்படியானால் என்னோடு புதுப்பேட்டைக்கு வாருங்கள். மகாபலிபுரத்துக்கும் மயிலாப்பூருக்கும் உங்களை அழைத்துப் போக எத்தனையோ பேர் இருக்கிறார்கள். புதுப்பேட்டைக்கு யாரும் அழைக்கப் போவதில்லை. என் மைத்துனன் ஒரு கிழ வண்டியை வாங்கித் தொலைக்காமல் இருந்திருந்தால் நானும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன்.

மைத்துனனுக்கு ஊத்துக்கோட்டைப் பக்கம் இரண்டு ஏக்கர் தோட்டம். கத்திரிக்காயும் வெண்டைக்காயும் போடுகிறான். கோயம்பேடு சந்தை அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். வாடகை வண்டிக்கே பாதிப் பணம் போய்விடுகிறது என்ற ஏக்கம் அவனுக்கு. அதனால் 48,000 ரூபாய்க்கு ஒரு பழைய மஹிந்திரா பிக்கப்பை வாங்கிவிட்டான். 'பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது, பெயிண்ட் கூட அடித்திருக்கிறார்கள்' என்று பெருமையாகப் போன் செய்தான். அவன் மனைவியின் நாலு வளையல்கள் அடகுக் கடைக்குப் போன விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அதை என் வீட்டம்மாள்தான் பின்னால் துப்பறிந்து கண்டுபிடித்தாள்.

பன்னிரண்டாம் நாள் தாமரைப்பாக்கம் தாண்டி வண்டி நின்றுவிட்டது. பின்னால் வெள்ளைப் புகை. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எஞ்சின் ஆயிலை அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தால், கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் காப்பி மாதிரி வெளுத்திருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்தால்தான் அந்த நிறம் வரும். உள்ளூர் மெக்கானிக் எஞ்சினைக் கழற்றிக் கீழே வைத்து, "இது தேறாது, வேறே எஞ்சின் மாத்திடுங்க" என்று கையைக் கழுவிக் கொண்டார்.

ஆக, ஒரு வியாழக்கிழமை காலை, அந்த எஞ்சின் ஒரு 'குட்டியானை'யில் ஏறிச் சென்னைக்குப் பிரயாணமாயிற்று. நம் ஊரில் டாட்டா ஏஸ் வண்டிக்கு ஜனங்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் அது. குட்டியானையின் முதுகில் கிழட்டு யானையின் இருதயம்! எனக்குச் சிரிப்பு வந்தது. மைத்துனன் முகத்தைப் பார்த்து அடக்கிக் கொண்டேன்.

இப்போது தெருவைப் பாருங்கள். ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே திரும்பியதுமே வாசனை மாறிவிடும். டீசல், கிரீஸ், வெல்டிங் புகை, இவற்றுக்கெல்லாம் அடியில் கூவத்தின் மணம்! ஒரு கடை முழுக்கக் கார்க் கதவுகள். அடுத்த கடையில் விளக்குகளைப் பூமாலை மாதிரி சரம் சரமாகத் தொங்க விட்டிருக்கிறார்கள். இன்னொரு கடையில் கியர் பெட்டிகள் கல்லறை போல் அடுக்கியிருக்கின்றன. நடைபாதையில் இரண்டு பேர் உளியும் சம்மட்டியுமாக ஒரு காரைப் பிரித்துக் கொண்டிருந்தார்கள். நாங்கள் மாலையில் திரும்பும்போது அங்கே கார் இல்லை. அது இருந்த இடத்தில் ஓர் எண்ணெய்க் கறைதான் இருந்தது. உங்கள் வண்டிக் கண்ணாடியை உங்களிடமே விற்றுவிடுவார்கள் என்று இந்த ஊரைப் பற்றி ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. என் கண்ணாடி பத்திரமாகவே இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வட்டாரத்துக்கும் வண்டிக்கும் பழைய உறவு. கூவத்துக்கு அக்கரையில் சிந்தாதிரிப்பேட்டை. 1734-ஆம் ஆண்டு வாக்கில் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை. அதை ஒட்டி, இன்று அண்ணா சாலையாகிவிட்ட மவுண்ட் ரோடில் சிம்ஸன் கம்பெனி. 1840-ல் குதிரை வண்டி கட்டித் தொழிலைத் தொடங்கிய கம்பெனி அது. 1903-ல் அங்கே இருந்த ஸாமுவேல் ஜான் கிரீன் என்பவர் ஒரு நீராவிக் காரையே செய்துவிட்டார். சரி, நம் எஞ்சினுக்கு வருவோம்.

குட்டியானை நின்றதும் ஒரு வாலிபர் ஓடி வந்தார். "எக்ஸ்.டி.பி. எஞ்சினா? முழுசா ஒண்ணு ரெடியா இருக்கு சார். ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன். முப்பத்தஞ்சாயிரம். பழசைக் கொடுத்தா அஞ்சாயிரம் கழிச்சுக்கலாம். சாயந்திரமே மாட்டிட்டுப் போயிடலாம்" என்றார். மைத்துனன் கண்கள் பிரகாசித்தன. அந்த எஞ்சின் உண்மையாகவே கணீரென்று ஓடிற்று. நான் கூடப் பையைத் தடவிப் பார்த்துக் கொண்டேன்.

"பில் உண்டா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

திரும்பினால், வெள்ளைத் தாடியும் கறுப்புக் கைகளுமாக ஒரு பெரியவர். தெருவே அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுகிறது. நாற்பது வருஷமாக அதே சந்தில் எஞ்சின் வேலை செய்கிறவர். பில் என்றதும் வாலிபர் டீ சாப்பிடப் போய்விட்டார்.

"எஞ்சின் நம்பர் ஆர்.சி. புஸ்தகத்திலே இருக்கு சார். பழைய லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. உண்டு. அங்கே நம்பரைப் பார்ப்பாங்க. இந்த எஞ்சின் எந்த வண்டியிலேருந்து வந்துதுன்னு கேட்டா தம்பி என்ன பதில் சொல்லுவாரு? முதல்லே உங்களோடது ஏன் செத்துதுன்னு பார்ப்போம்" என்றார் பாய்.

இது பிரெஞ்சுக்காரர்களின் பேஜோ கம்பெனி வழியாக மஹிந்திராவுக்கு வந்த டீசல் எஞ்சின். நாலு சிலிண்டர், 2112 சி.சி. பாய் அதைப் பிரித்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் டீசலில் கழுவி, கழற்றிய வரிசை மாறாமல் சாக்கின் மேல் பரப்பினார். கிராங்க் ஷாஃப்டைக் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பானரால் லேசாகத் தட்டினார். டிங்... என்று கோயில் மணி மாதிரி வெகு நேரம் ஒலித்தது. "வெடிப்பு இருந்தா 'டொக்'குன்னு அடங்கிடும். இது நல்ல சரக்கு" என்றார். பிறகு மைக்ராமீட்டரால் அளந்து, தேய்மானத்துக்குப் பத்து 'தௌ' கிரைண்டிங் போதும் என்று சாக்கட்டியால் எழுதி வைத்தார். ஒரு தௌ என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. என் கண்ணுக்கு அங்கே எந்தத் தேய்மானமும் தெரியவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்கிறேன்.

கோளாறு சிலிண்டர் ஹெட்டில் இருந்தது. அதன் ஓட்டைகளையெல்லாம் தகடு வைத்து அடைத்து, சுடுதண்ணீர்த் தொட்டியில் இறக்கி, உள்ளே காற்றை ஏற்றினார்கள். இரண்டு வால்வுகளுக்கு நடுவிலிருந்து கடுகு கடுகாகக் குமிழிகள் கிளம்பின. மயிர் கனத்துக்கு ஒரு விரிசல்! அந்த வழியாகத்தான் தண்ணீர் போயிருக்கிறது.

"ஹெட் ஏன் வெடிச்சுது?" என்றேன்.

பாய் பதில் சொல்லாமல் ரேடியேட்டரைக் கொண்டு வரச் சொன்னார். நல்ல வேளையாக அதையும் கூடவே ஏற்றி வந்திருந்தோம். மேல் தொட்டியைப் பிரித்தால், குழாய்களில் பாதிக்கு மேல் வெள்ளை வெளேரென்று அடைத்திருந்தன. போர்த் தண்ணீரின் உப்பு! வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிறதே, அதே சமாசாரம். அத்துடன், எஞ்சினின் சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட்டையும் முந்தின சொந்தக்காரர் யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள்.

"இது நோயாலே சாகலை சார், தாகத்தாலே செத்துது. அந்த முப்பத்தஞ்சாயிரம் எஞ்சினை மாட்டியிருந்தா, இதே ரேடியேட்டர் அதையும் ஒரு மாசத்திலே கொன்னிருக்கும்" என்றார் பாய்.

மைத்துனன் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் மெதுவாக உண்மைகள் வெளிவந்தன. வாங்கப் போன அன்று வண்டி முன்பே ஓட்டிச் சூடாக்கி வைக்கப்பட்டிருந்ததாம். இவன் பெயிண்டைப் பார்த்தானாம். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லையாம். நீங்கள் எப்போதாவது பழைய வண்டி வாங்கப் போனால், காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய், எஞ்சின் ஆறியிருக்கும்போதே அந்த மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருந்தால் மட்டும் திறக்காதீர்கள்; கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

வேறு ஹெட் தேடி அலைந்தது தனிக் கதை. ஹெட்டில் நம்பர் இல்லையாதலால் பழையது வாங்குவதில் அந்தத் தொல்லை இல்லை. முதல் கடைக்காரர், "நம்பி எடுத்துட்டுப் போங்க, டெஸ்ட் எல்லாம் எதுக்கு?" என்று கோபித்துக் கொண்டார். பாய் சிரித்தபடியே அதைத் தொட்டியில் இறக்கினார். குமிழி! இரண்டாவது கடையின் ஹெட் கால் மணி நேரம் தண்ணீரில் சாதுவாகக் கிடந்தது. மைத்துனன் மூச்சுவிட மறந்து தொட்டியையே பார்த்துக் கொண்டிருந்தான். அவன் பார்த்துக் கொண்டிருந்தது அந்த நாலு வளையல்களை என்றுதான் எனக்குத் தோன்றிற்று.

லைனர், பிஸ்டன், பேரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட், ரேடியேட்டர், பாயின் கூலி எல்லாமாக 43,500 ரூபாய். வண்டி வாங்கிய விலைக்குக் கொஞ்சம்தான் குறைவு! கையில் இருந்ததற்கு மேல் விழுந்த துண்டை என் வீட்டம்மாள் தந்தாள். தம்பிக்கு ஒரு மணி நேர உபதேசமும் அதோடு இலவசம்.

ஒன்பதாம் நாள் பாயே ஊத்துக்கோட்டைக்கு வந்து எஞ்சினை வண்டியில் ஏற்றினார். சாவியைத் திருப்பி ஹீட்டர் பிளக் காயச் சற்றுப் பொறுத்தார். ஸ்டார்ட்டர் முனகிற்று. அடங்கிற்று. மறுபடியும் முனகிற்று. மூன்றாவது தடவை ஒரு பெரிய இருமல், ஒரு கறுப்புப் புகை, பிறகு தடதடவென்று ஓட ஆரம்பித்தது. பாய் ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, டாக்டரைப் போல் நாலு இடத்தில் கேட்டார். தலையை ஆட்டினார்.

"ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் அரை லோடு, அம்பது கிலோமீட்டர் வேகம். அப்புறம் ஆயிலை மாத்தி, ஹெட் போல்ட்டை ஒரு தடவை டைட் வைக்கணும். போர்த் தண்ணி ஊத்தினே, என் கிட்டே வராதே தம்பி!"

மைத்துனன் இப்போது வாரத்தில் நாலு நாள் கோயம்பேட்டுக்கு வருகிறான். போகிற வழியில் எங்கள் வீட்டில் ஒரு கூடை கத்திரிக்காய் இறங்குகிறது. ரேடியேட்டருக்குக் கடையில் விற்கும் கூலன்ட் ஊற்றுகிறான். சமையலறைக்கு வடிகட்டிய தண்ணீர் கேட்டால் மட்டும் செலவு அதிகம் என்கிறான் என்று அவன் மனைவி புகார் சொல்கிறாள். இரண்டு வளையல்கள் திரும்பி வந்துவிட்டன. மற்ற இரண்டும் பொங்கலுக்குள் வந்துவிடும் என்கிறான்.

பழைய பிஸ்டன்களில் ஒன்றை நான் கேட்டு வாங்கி வந்தேன். தேய்த்துப் பளபளப்பாக்கி மேஜையில் வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையின் தாள்கள் மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருப்பது அதன் உபயம்தான்.