நன்னாவுக்கு ஒரு சொல்

மொழி கற்பிப்போர் எவராயினும் முதற்சில பாடங்களுக்குள் பிள்ளையின் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றனர். தந்தை நெடியவர், தாய் அன்பானவர், தம்பி குறும்பன் என்று சொல்ல வைத்தே பண்புச்சொற்களை நாவில் ஏற்றுகின்றனர். முப்பதாண்டுகளாக மதரஸாவில் நாமும் இதனையே செய்து வந்தோம். 'அபீ ரஜுலுன் கரீமுன்' - என் தந்தை கண்ணியமான மனிதர். 'உம்மீ இம்ரஅத்துன் கரீமத்துன்' - என் தாய் கண்ணியமான பெண்மணி. மவ்ஸூஃப் ஆண்பாலாயின் ஸிஃபத்தும் ஆண்பால். அது பெண்பாலாயின் இதுவும் பெண்பால். பிள்ளைகள் பிழையின்றிச் சொன்னால் நாம் மனநிறைவு கொண்டோம். அச்சொல் அந்தத் தந்தைக்குப் பொருந்துமா என்று ஒருநாளும் கேட்டோமில்லை.

அக்கேள்வியை நம்முள் எழுப்பியவள் நம் மகள்வழிப் பேத்தி. ஒன்பது வயதுச் சிறுமி. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் வாழும் மகள் வீட்டில் மூன்று திங்கள் தங்கியிருந்தோம். 1836 வரை மெக்சிகோவைச் சேர்ந்திருந்த நிலம் அது. கடைத்தெருவில் ஸ்பானிய மொழி இன்றும் காதில் விழுகிறது. பள்ளியில் பேத்திக்கும் அம்மொழி ஒரு பாடம். குடும்பத்தாரைப் படமாக வரைந்து, ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வாக்கியம் எழுதி வரவேண்டும் என்பது அவளுக்கிட்ட வீட்டுப்பாடம்.

தந்தையைப் பற்றி 'அல்தோ' என்று எழுதியவள், தாயைப் பற்றியும் 'அல்தோ' என்றே எழுதினாள். நெடியவர் என்பது பொருள். பாடத்தாளில் அச்சிட்டிருந்த பட்டியலைப் பார்த்த நாம், "தாய்க்கு 'அல்தா' என்றல்லவா வரவேண்டும்?" என்றோம். "நன்னா, உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியுமா?" என்று வியந்தாள். தெரியாது, அரபி தெரியும். அரபியைப் போலவே அம்மொழியிலும் பண்புச்சொல் பெரும்பாலும் பெயருக்குப் பின்னே நின்று, பாலிலும் எண்ணிலும் பெயரோடு ஒத்துச் செல்கிறது. நம் தமிழ் அடைமொழியோ 'நெடிய தந்தை, நெடிய தாய்' என மாறாது முன்னிற்கும். 'நெடியன், நெடியள், நெடியர்' எனப் பயனிலையாகும்போதுதான் பால் காட்டும்.

வெற்றிக் களிப்பில் அடுத்த சொல்லையும் திருத்த முனைந்து நாம் தோற்றோம். 'இன்தெலிஹெந்தே' என்பதைப் பெண்பாலுக்கு மாற்றச் சொன்னபோது, "அது மாறாது நன்னா, இருவருக்கும் ஒன்றுதான்" என்றாள். அரபியிலும் அத்தகைய சொற்கள் உண்டு. பொறுமை மிக்கவரைக் குறிக்கும் 'ஸபூர்' ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. அதை நாம் மறந்திருந்தோம்.

அவளுடைய அகராதியைப் புரட்டியபோது 'மெஸ்கினோ' என்ற சொல் கண்ணில் பட்டது. நம்மூரில் ஏழையை இன்றும் 'மிஸ்கீன்' என்கிறோமே, அந்த அரபிச் சொல்தான். 711 முதல் 1492 வரை அந்நாட்டில் நிலவிய முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் குடியேறிய சொற்களுள் ஒன்று. இன்று அங்கே அதன் பொருள் கஞ்சன்! இல்லாதவனைக் குறித்த சொல், இருந்தும் கொடாதவனைக் குறிக்கலாயிற்று. மனிதர்மீது நாம் ஒட்டும் சொற்கள் எவ்வளவு எளிதில் இடம் மாறிவிடுகின்றன!

பின்னர் பேத்தி ஒரு நுட்பத்தை விளக்கினாள். 'அவர் நல்லவர்' என்பதில் தமிழிலோ அரபியிலோ இடையில் வினைச்சொல் வேண்டுவதில்லை. ஸ்பானியத்திலோ அவ்விடத்திற்கு இரண்டு வினைகள் உள்ளன. இயல்பைச் சொல்ல 'எஸ்'. அப்போதைய நிலையைச் சொல்ல 'எஸ்தா'. 'எஸ் லிஸ்தா' என்றால் அவள் கெட்டிக்காரி. 'எஸ்தா லிஸ்தா' என்றால் அவள் புறப்படத் தயார்.

"நன்னாவுக்கு என்ன எழுதினாய்?" என்று கேட்டோம். 'மி அபுவேலோ எஸ் காயாதோ' என்று படித்தாள். 'என் பாட்டனார் பேசாத மனிதர்.'

அடுப்பருகே நின்றிருந்த நம் மகள் திரும்பிப் பார்த்தாள். "அப்படி எழுதாதேம்மா. நன்னி இருந்த வரைக்கும் நன்னா பேச்சு தெருமுனை வரை கேட்கும். அந்த 'எஸ்'ஸை அழித்துவிட்டு மற்றதைப் போடு" என்றாள். நம் முகத்தை அவள் பார்க்கவில்லை, நாமும் பார்க்கவில்லை.

நம் இல்லாள் இறையடி சேர்ந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. அன்று பேத்திக்கு வயது ஐந்து. அவள் அறிந்த நன்னா, அதன் பின்னர் வாயடைத்துப்போன மனிதர் மட்டுமே. குழந்தை பொய் எழுதவில்லை. நாம்தான் ஒரு நிலையை இயல்பென்று நம்பும்படி அவள் முன் இருந்துவிட்டோம்.

"நன்னிக்கு என்ன எழுத?" என்று கேட்டாள். இறந்தவரைச் சொல்லும்போதும் 'எஸ்தா முவேர்தா' என்று நிலையைக் குறிக்கும் வினையையே இடவேண்டுமாம். மரணத்தை முற்றான முடிவென்று கொள்ளாத நமக்கு அவ்வழக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

இமாம் திர்மிதீ தொகுத்த ஷமாயில் நூலில் ஒரு செய்தி உண்டு. ஹஸன் (ரலி) அவர்கள், தம் பாட்டனாராகிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோற்றத்தை வருணிக்குமாறு, வருணனையில் வல்லவரான தம் தாய்மாமன் ஹிந்த் இப்னு அபீ ஹாலா (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். அதிலுள்ள ஸிஃபத்துகளை எத்தனையோ முறை மாணவர்க்குப் பிரித்துக் காட்டியிருக்கிறோம். கேட்டவர் பாட்டனாரை இழந்த பேரர் என்பது அன்றுதான் நெஞ்சில் உறைத்தது.

அன்று மாலை நாம் பேசினோம். நன்னியின் நடை, சிரிப்பு, இரவில் நாம் பாடம் தயாரிக்கும்போது விளக்கருகே அவர் விழித்திருந்தது, நம் முன்கோபத்தை அவர் தாங்கியது - எல்லாவற்றையும் சொன்னோம். பேத்தி கேட்டாள், மகளும் கேட்டாள். இறுதியில் குழந்தை எழுதினாள்: 'மி அபுவேலா ஏரா பாசியெந்தே.' என் பாட்டி பொறுமைசாலியாக இருந்தார். 'பாசியெந்தே' என்பதும் ஸபூரைப் போலவே பாலுக்கேற்ப மாறாத சொல்.

ஊர் திரும்பியபின் நம் பாடத்தில் ஒரு சிறு மாற்றம். 'என் தந்தை கண்ணியமானவர்' என்று பிள்ளை சரியாகச் சொன்னதும், "எதைக் கண்டு அப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்கிறோம். சிலர் உடனே சொல்கின்றனர். சிலர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து சொல்கின்றனர்.