ஒரு டேட் பிக்கரும் மூணு ஆணியும்

மக்களே, பொட்டி தட்டுற கதை எழுதி ரொம்ப நாளாச்சு. இது ஒரு டேட் பிக்கர் கதை. அதாங்க, டிக்கெட் புக் பண்றப்ப தேதி கட்டத்தைத் தொட்டா குட்டியா ஒரு காலண்டர் விழுமே, அது. அதே காலண்டரை நான் மூணு தடவை எழுதியிருக்கேன். பொண்ணு பாக்கப் போற எடத்துல சாதனைன்னு சொல்லிக்க வேற எதுவும் கைவசம் இல்லை :-)

2019ல வேலைக்குச் சேர்ந்தப்ப ஆங்குலர் ஜேஎஸ் பக்கம் ஒண்ணைத் தலையில கட்டினாங்க. அதுக்கு ஒரு டேட் பிக்கர். அடுத்த டீம் ரியாக்ட், அதுக்கு ஒண்ணு. அப்புறம் ரிப்போர்ட் பக்கம், வியூ 2. திரும்பவும். மூணுமே ஒரே கஸ்டமர் பாக்குற பக்கங்கள்தான்.

ஒரு நாள் அமெரிக்காவுலேர்ந்து புகார். மார்ச் 1 தேர்ந்தெடுத்தா பிப்ரவரி 28 காட்டுதாம். நம்ம மெஷின்ல எத்தனை தடவை பாத்தாலும் சரியா இருக்கு. விஷயம் என்னன்னா, வெறும் '2022-03-01'னு குடுத்தா ஜாவாஸ்கிரிப்ட் அதை கிரீன்விச் நள்ளிரவுன்னு எடுத்துக்கும். நாம அஞ்சரை மணி நேரம் முன்னாடி இருக்கோம், அதனால தேதி மாறாது. அவங்க பின்னாடி இருக்காங்க, அங்கே இன்னும் முந்தின நாள் சாயங்காலம். திருத்துறது நாலு வரி. ஆனா மூணு எடத்துல திருத்தணும். ரெண்டுல திருத்திட்டு மூணாவதை மறந்துட்டேன். அந்த வாரம் டேமேஜர் கூட நடந்த கால் பத்தி சொல்ல வேணாமே.

அதுக்கப்புறம்தான் ஒரே காம்பொனென்ட், மூணு பக்கத்துலயும் ஓடணும்னு ஆரம்பிச்சேன். டேமேஜர் ஆசை, எல்லாத்தையும் ரியாக்ட்டுக்கு மாத்திடலாம்னு. ஆனா அந்தப் பழைய பக்கத்தை மாத்திக் குடுக்க யாரும் காசு தர்றதா இல்லை. ஆங்குலர் ஜேஎஸ்ஸுக்கு ஆதரவு 2021 கடைசியோட முடிஞ்சு போச்சு. வியூ 2 அப்பவே கியூவுல நின்னுச்சு, 2023 கடைசியில அதுவும் போயிடுச்சு. வருத்தமா இருந்துச்சுங்க. நான் எழுதின கோட் தப்பில்லை, அது குடியிருந்த வீடுதான் இடிஞ்சு போச்சு.

பிரவுசருக்குள்ளேயே ஒரு வழி இருந்துச்சு. கஸ்டம் எலிமெண்ட். நமக்குன்னு ஒரு டேக் பேரு வச்சுக்கலாம், எந்த ஃபிரேம்வொர்க்னாலும் வெறும் எச்டிஎம்எல்லா எடுத்துக்கும். இன்னைக்கு இருக்குற வடிவம் குரோமுல 2016, சஃபாரியில 2017, ஃபயர்ஃபாக்ஸ்ல 2018னு வந்து, எட்ஜ் குரோமியத்துக்கு மாறின 2020லதான் எல்லா எடத்துலயும் கிடைச்சுது. லைப்ரரியே இல்லாம ஒரு சனி ஞாயிறு எழுதிப் பாத்தேன். ஒவ்வொரு அட்ரிபியூட் மாறும்போதும் எதைத் திரும்ப வரையணும்னு நாமளே பாத்துக்கணும். கண்ணு கட்டிடுச்சு. ஸ்டென்சில் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அதுக்குன்னு தனியா ஒரு கம்பைலர். கடைசியில லிட். சுருக்கினா சுமார் 5 கேபி.

பக்கத்து சீட் அண்ணன் கேட்டாரு, "ஏன்டா, இதே கூட்டம்தானே 2013ல பாலிமர்னு கொண்டு வந்து, அப்புறம் லிட்டுக்குப் போங்கன்னு சொன்னாங்க? நாளைக்கு இதையும் விட்டுட்டா?" நியாயமான கேள்வி. ரெண்டு நாள் யோசிச்சேன். லிட் போனாலும் அந்த டேக் இருக்கும்ணே, உள்ளே இருக்குறதை மட்டும் மாத்தி எழுதினா போதும், மூணு பக்கத்துலயும் கை வைக்க வேணாம்னேன். "அப்ப சரி"ன்னுட்டாரு.

ஆச்சரியம் என்னன்னா, ஆங்குலர் ஜேஎஸ் கிழவன்கிட்டதான் மக்கர் பண்ணாம ஓடுச்சு. தகராறு ரியாக்ட்ல. விடுமுறை விவரத்தை ஆப்ஜெக்டா அனுப்பினா "ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்"னு எழுத்தா மாத்தி உள்ளே தள்ளும். நாம அனுப்புற ஈவெண்ட்டும் அதுக்குக் கேக்காது. அதுக்குன்னு ஒரு உறை போட்டேன். 2024 டிசம்பர்ல ரியாக்ட் 19 வந்து இதைச் சரி பண்ணிட்டாங்க.

பெரிய அடி வேற எடத்துல விழுந்துச்சு. டெமோவுல நான் பெருமையா சொன்னது ஷேடோ டாம்: உள்ளே ஒரு சுவர், வெளியில இருக்குற சிஎஸ்எஸ் தாண்டி வராது. எல்லாரும் தலையாட்டினாங்க. ரிலீஸ் ஆகி பத்து நாள் கழிச்சு கிளையண்ட் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் எழுதினாரு. பார்வை கிடையாது, என்விடிஏ வச்சு வேலை பாக்குறவரு. பழைய பக்கத்துல "புறப்படும் தேதி"ன்னு படிச்ச கட்டம், இப்ப வெறும் "எடிட், பிளாங்க்"னு மட்டும் சொல்லுதாம். கீழ இருக்குற "திரும்பும் தேதி"யும் அதேதான். எது எதுன்னு எண்ணிப் பாத்துக்கிட்டு நிரப்புறேன்னு எழுதியிருந்தாரு. கோபமே இல்லாம. அதான் இன்னும் சுட்டுச்சு.

காரணம் அந்தச் சுவர்தான். லேபிள் வெளியில, கட்டம் உள்ளே. ஐடி வச்சு ரெண்டையும் இணைச்சா அந்த இணைப்பும் சுவரைத் தாண்டாது. மூணா இருந்தப்ப யாருக்கும் இல்லாத கஷ்டத்தை ஒண்ணா ஆக்கி, மூணு பக்கத்துலயும் அவருக்குக் குடுத்திருக்கேன்.

லிட்ல ஷேடோ டாமையே அணைச்சு வைக்கலாம். ஆனா பழைய பக்கத்தோட சிஎஸ்எஸ் காலண்டர் மேல ஏறி உக்காந்துச்சு. அதனால மாத்தி யோசிச்சேன். லேபிளும் இன்புட்டும் டேக்குக்கு உள்ளே, ஆனா சுவருக்கு வெளியில; சாதாரண எச்டிஎம்எல்லா பக்கத்துக்காரங்களே எழுதணும். ஸ்லாட் வழியா அது தன் எடத்துல வந்து உக்காரும். காலண்டர் மட்டும் சுவருக்குப் பின்னாடி. ஸ்கிரிப்ட் லோட் ஆகலைன்னாலும் பிரவுசரோட தேதி கட்டம் வேலை செய்யும். எழுத ரெண்டு வரி கூடன்னு டீம்ல முனகினாங்க. அவரோட மெயிலை அப்படியே அனுப்பி வச்சேன்.

போன மாசம் அவர்கிட்டேர்ந்து இன்னொரு மெயில். அடுத்த மாசத்துக்கு நகர்ந்தா எந்த மாசம்னு படிக்க மாட்டேங்குதாம். ஏரியா லைவ் போட மறந்திருக்கேன். ஒரு எடத்துல போட்டேன், மூணு பக்கத்துலயும் போயிடுச்சு. "ஜூன் கேக்குது"ன்னு ஒரு வரி பதில் வந்துச்சு.