புல்லில் ஒரு கணக்கு, பெட்டியில் ஒரு கணக்கு

ஊட்டி, வியாழன் இரவு

வந்து இறங்கியதும் முதல் வேலையாக வெப்பமானிகளை எல்லாம் ஒரே வாளியில் போட்டோம். நொறுக்கிய ஐஸ்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த வாளி. எல்லாமே பூஜ்யம் காட்டவேண்டும். ஒன்று அரை டிகிரி கூட்டிக் காட்டியது, இன்னொன்று 0.3 குறைத்து. தூக்கிப் போடவேண்டியதில்லை, வித்தியாசம் தெரிந்துவிட்டால் கழித்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றின் கழுத்திலும் பிளாஸ்திரி ஒட்டி எழுதியாயிற்று.

“கொதிக்கிற தண்ணில போட்டு நூறு வருதான்னும் பாத்துரலாமா சார்?” என்றான் மாணவன் ஒருவன். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தவிர, எங்கள் வெப்பமானிகளில் 50க்கு மேல் கோடே கிடையாது.

அடுத்த சண்டை அழுத்தமானியில். அனிராய்டு முள் 780 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி நிற்கிறது. கைப்பேசியோ ஆயிரத்துக்கு மேல் சொல்கிறது. கருவி பழுது என்றே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கைப்பேசி காட்டுவது கடல்மட்டத்துக்குக் கணக்குப் போட்டு ஏற்றிய அழுத்தம். ஊர்களை ஒப்பிட்டு வானிலைப் படம் வரைய அது வேண்டும். இந்த மலையில் உண்மையில் நம்மேல் இருக்கிற அழுத்தம் அனிராய்டு காட்டுவதுதான். பதிவேட்டில் எது என்று குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதினால் திரும்பிப் போய்ப் பார்க்கும்போது நமக்கே விளங்காது.

வெள்ளி, விடியற்காலை

தலைகுந்தா பக்கம். நேற்றிரவு மேகமே இல்லை, காற்றும் இல்லை. புல்வெளி முழுக்க உறைபனி; மிதித்தால் நொறுங்குகிறது. ஸ்டீவன்சன் பெட்டிக்குள் இருந்த குறைந்தபட்ச வெப்பமானியில் 3.4 டிகிரி.

“பூஜ்யத்துக்கே போகலையே சார், அப்புறம் எப்படி உறைஞ்சுது?”

இந்தக் கேள்விக்காகத்தான் இவர்களை ஜனவரியில் அழைத்து வந்தேன். புல் நுனியை ஒட்டி, இரண்டு கவைக்குச்சிகள் மேல் படுக்கவைத்த இன்னொரு வெப்பமானி இருந்தது. ஆல்கஹாலுக்குள் சின்னக் கண்ணாடி ஊசி ஒன்று. குளிரக் குளிர ஆல்கஹால் சுருங்கி ஊசியைப் பின்னால் இழுக்கும். சூடேறினால் ஊசியை விட்டுவிட்டுத் தான் மட்டும் முன்னேறும். குமிழுக்கு எதிர்ப்பக்க முனையைப் படிக்கவேண்டும். மண்டியிட்டு, கண்ணை நேராகக் கொண்டுவந்து, மூச்சை அடக்கிப் படித்தாள் ஒரு மாணவி: பூஜ்யத்துக்குக் கீழே 1.8. தசமத்தை முதலில் படி, முழு எண்ணை அப்புறம் படி என்று சொல்லியிருந்தேன். நம் உடம்புச் சூட்டில் முதலில் கெடுவது தசமம்தான்.

தெளிந்த இரவில் புல் தன் வெப்பத்தை வானத்துக்கு வாரி இறைத்துவிடுகிறது. இடுப்புயரக் காற்று அவ்வளவு வேகமாகக் குளிர்வதில்லை. ஸ்டீவன்சன் பெட்டி வேண்டுமென்றே தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டருக்கு மேலே நிற்கிறது. அதன் வேலை காற்றை அளப்பது, புல்லை அல்ல. வெள்ளைப் பூச்சு, சாய்ந்த சட்டங்கள், பூமியின் வடபாதியில் இருக்கிற நமக்கு வடக்கு பார்த்த கதவு என்று எல்லாம் வெயில் நேரே படாமல் இருக்கத்தான். (இதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கம் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர். ‘ட்ரெஷர் ஐலண்ட்’ எழுதியவர் இவர் மகன். பசங்களுக்கு மகனையும் தெரியவில்லை.)

பத்திரிகையில் ‘ஊட்டியில் 3 டிகிரி’ என்று வந்த நாளில் தேயிலை கருகியிருந்தால் பத்திரிகையைத் திட்டவேண்டியதில்லை.

வெள்ளி, மாலை

ஈரப்பதம் அளக்க, ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் இரண்டையும் சட்டத்தில் கட்டிக் கவண் மாதிரி சுற்றுகிற கருவி. சுற்றுவதில் எல்லோருக்கும் உற்சாகம், ஈரக்குமிழில் சுற்றிய துணியை நனைப்பதில் ஒருவருக்கும் இல்லை. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து துணி கெட்டியாகும். காய்ச்சி வடித்த நீர்தான் ஆகும். நிறுத்தியதும் ஈரக்குமிழைத்தான் முதலில் படிக்கவேண்டும், அது உடனே ஏற ஆரம்பித்துவிடும்.

ஈரப்பத அட்டவணை கடல்மட்டத்துக்குப் போட்டது. அதை இங்கே அப்படியே பார்த்தால் ஈரப்பதம் உள்ளதைவிடக் குறைவாக வரும். அழுத்தம் குறைந்த இடத்துக்கான சூத்திரத்தில் போட்டுத் திருத்தினோம். நேற்றைய 780க்கு இப்போதுதான் மரியாதை வந்தது.

சனி

சரிவின் உச்சியிலிருந்து ஓடை வரை ஆறு இடங்களில் விடியுமுன் அளவு. இறங்க முக்கால் மணி பிடிக்கிறது. அதற்குள் வெப்பநிலையே மாறிவிடும். அதனால் இறங்கும்போது ஒருமுறை, அதே வழியில் ஏறும்போது ஒருமுறை எடுத்து, சராசரி. எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர வேறு மலிவான வழி எனக்குத் தெரியாது.

கேரட் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். “மேல எதுக்குங்க வெக்கிறீங்க? பள்ளத்துலதான் கருகும்.” அவர் வாக்கு பலித்தது. குளிர்ந்த காற்று கனம். சரிவில் வழிந்து ஓடையோரம் தேங்கிவிடுகிறது. கீழ்வீடுகளின் அடுப்புப் புகை கொஞ்ச தூரம் எழும்பி, மேலே போகாமல் பட்டையாகப் பரவி நின்றதைக் காட்டினேன். அந்த மட்டத்துக்கு மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்திருக்கிறது.

நான்காவது இடம் மட்டும் ஒத்துவரவில்லை. மூன்றாவதைவிட ஒரு டிகிரிக்கு மேல் கூடுதல். “கோட்டைக் கெடுக்குது சார், அடிச்சிரலாமா?” என்றார்கள். வரைபடம் அழகாக வரவேண்டும் என்ற ஆசை படிப்பாளிகளுக்கு வரும் பொல்லாத வியாதி. அடிக்கவிடவில்லை. போய்ப் பார்த்தால் நாலடி தள்ளி சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி. பகல் வெயிலைக் குடித்து வைத்திருக்கிறது, தொட்டால் தெரிகிறது.

ஞாயிறு காலை

அதே மட்டத்தில், தொட்டியைவிட்டு இருபது எட்டு தள்ளி மீண்டும் அளந்தோம். பழைய இடத்திலும் அளந்தோம். புது இடத்து எண் மேலும் கீழும் உள்ளவற்றோடு பொருந்துகிறது. தொட்டியோரம் இன்றைக்கும் கூடுதல்தான். நேற்றைய எண்ணை மையில் அப்படியே விட்டு, குறிப்புப் பத்தியில் ‘சிமெண்ட் தொட்டி, 4 அடி, கிழக்கே’ என்று எழுதச் சொன்னேன். மாணவி தொட்டியின் நீள அகலத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.